இடப்பக்கத்தால் வராதே

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் சவக்காலையிலிருந்து எழும்பி வந்து அடிப்பார். மெல்பேணில் அவர் கையால் அடி வாங்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை வாசிக்கும்போது அவர்களுக்குப் பெயர் தானாக வாயில் வரும். வாங்காதவர்களுக்கு அக்கா என்றாலே போதும்.

முதலில் சுவாமியாரை அடித்த கதையைச் சொல்கிறேன். ஒரு விபூதிப் புதன்கிழமை, கோயிலில் வரிசையாக நின்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டிருந்தோம். அக்கா எனக்கு முன்னால் நின்றார். சுவாமியார் புதிதாக வந்தவர், பாவம், ஒன்றும் தெரியாது. பெருவிரலைச் சாம்பலில் தோய்த்து, செபத்தை முணுமுணுத்தபடி அக்காவின் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். அடி விழுந்த சத்தம் பின்வரிசை வரைக்கும் கேட்டது. கிண்ணம் பறந்து போய் பீடத்துப் பூச்சாடியில் விழுந்தது. சுவாமியார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். அக்கா குனிந்து, தரையில் சிந்திய சாம்பலை ஒரு விரலால் தொட்டு, தன் நெற்றியில் தானே சிலுவை போட்டார்.

"பூசியாச்சு சாமி," என்று சொல்லிவிட்டு வந்து வாங்குப் பலகையில் இருந்தார்.

அடுத்த வருடத்திலிருந்து சுவாமியார் அக்காவுக்கு மட்டும் கிண்ணத்தையே நீட்டினார். அவரைச் சமாதானப்படுத்தியது நான்தான். எங்கள் சனத்துக்குள் எது உடைந்தாலும் ஒட்டவைக்கக் கூப்பிடுவது என்னைத்தான்.

நான் மன்னார்க் கரையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று டண்டினோங்கில் ஒன்று, கிரெய்கிபர்னில் ஒன்று என்று இரண்டு மீன்கடை. சனிக்கிழமை காலையில் என் கடை வாசலில் கார் நிறுத்த இடம் தேடி அலைகிறவர்களில் பாதிப்பேர் டாக்டர்களும் என்ஜினியர்களும். மீனின் கண்ணைப் பார்த்தால் அது எப்போது கடலை விட்டது என்று சொல்வேன். மனிதர்களையும் அப்படித்தான், ஒரு பார்வையில் அளந்துவிடுவேன் என்று பெருமையடிப்பவன். அந்தப் பெருமை எங்கே உடைந்தது என்பதைத்தான் எழுத வந்தேன்.

அக்காவும் நானும் முதன்முதலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றது ஒரு கோழித் தொழிற்சாலையில். அப்போது எனக்கு இருபது இங்கிலீசுச் சொல் தெரியும். அதில் பத்து கோழியின் உறுப்புகள். கொக்கியில் தொங்கிக்கொண்டு கோழிகள் வரும், நாங்கள் சிறகையும் தொடையையும் பிரித்துத் தள்ள வேண்டும். அக்கா எப்போதும் வரிசையின் இடது கடைசியில், சுவரோடு ஒட்டித்தான் நிற்பார். வேறு இடம் கொடுத்தால் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் அவருடைய வலப்பக்கம்.

ஒருநாள் சூப்பர்வைசர், ஆறடி மனிதன், சுவருக்கும் அக்காவுக்கும் நடுவே நுழைந்து வந்தான். அக்காவின் தலையில் போட்ட வலையிலிருந்து ஒரு முடி வெளியே கிடந்ததாம். அதை உள்ளே தள்ளக் கையை நீட்டினான். அக்கா கையிலிருந்த முழுக் கோழியைக் காலில் பிடித்து வீசினார். மூக்கு எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். கோழி எலும்பு முறிகிற சத்தம் எனக்குத் தெரியும், இது வேறு. அவன் இரத்தத்தோடு வழுக்கித் தரையில் விழுந்தான். பெல்ட் நிற்கவில்லை, கோழிகள் அவன் தலைக்கு மேலால் போய்க்கொண்டே இருந்தன.

மனேஜர் எங்களைக் கூப்பிட்டார். மொழிபெயர்ப்பாளன் நான். "சொறி, சொறி" என்று தலையை ஆட்டினேன்.

"என்னடா அவனுக்குச் சொன்னனி?" என்று கேட்டார் அக்கா.

"உங்களுக்காக மன்னிப்புக் கேட்டனான் அக்கா."

அவ்வளவுதான். மனேஜர் கண்ணுக்கு முன்னாலேயே என் பிடரியில் ஒன்று விழுந்தது. மேசையில் நெற்றி மோதியது.

"நான் கேக்காத மன்னிப்பை நீ ஏன் கேக்கிறாய்?"

மனேஜர் சிரித்துவிட்டார். இந்த மனுசி ஆளைப் பார்த்து அடிப்பவர் இல்லை என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அடுத்த நாள் அக்காவின் இடப்பக்கத் தரையில் மஞ்சள் நிற நாடா ஒட்டியிருந்தது. யாரும் அதைத் தாண்டக்கூடாது. அக்காவைப் போல வெட்டுகிறவர் அந்தத் தொழிற்சாலையில் வேறு இல்லை. அதனால்தான் நாடா ஒட்டினார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நான் சொந்தமாகக் கடை போட்டபோது முதல் செய்த வேலை அக்காவை என்னோடு கூட்டிவந்தது. இரண்டாவது வேலை, வெட்டுப் பலகையின் இடப்பக்கம் மஞ்சள் நாடா ஒட்டியது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அக்கா ஒரு வாக்கியம்தான் சொல்லுவார். "இடப்பக்கத்தாலை வராதை." ஏன் என்று கேட்டால், "வந்து பார்," என்பார். சிலர் வந்து பார்த்தார்கள். குடித்துவிட்டு வந்த ஒருவன் ஒருமுறை கண்ணாடிப் பெட்டிக்கு மேலால் எட்டி, எங்களைப் பற்றிக் கூடாத வார்த்தை சொல்லிக்கொண்டு அக்காவின் கன்னத்தைத் தட்ட வந்தான். அவன் சட்டைக்கை பலகையோடு சேர்த்துக் குத்தப்பட்டிருந்தது. கத்தி தோலுக்கு ஒரு நூல் தள்ளி நின்றது. அவன் அழத் தொடங்கினான். அக்கா மற்றக் கத்தியை எடுத்து அடுத்த ஆளுக்கு விளைமீன் வெட்டினார்.

எனக்கு வலது கைச் சின்னவிரல் நெளிந்திருக்கும். பார்க்கிறவர்கள் கேட்பார்கள். சூரைமீன் பெட்டி விழுந்தது என்று சொல்லி வந்திருக்கிறேன்.

இப்படியே இருபது வருடத்துக்கு மேல் போனது. கடையைப் பெருப்பித்துச் சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ் பதித்தேன். பதித்தவன் வேலை சுத்தமான இளைஞன். முடிந்த அன்று அக்கா சுவருக்கு முன்னால் நின்று தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, உந்தச் சுவர் அலை அடிக்குது. கோடெல்லாம் நெளிஞ்சு கிடக்கு. ஆரடா உதைப் பதிச்சது?"

எனக்கு நேராகத்தான் தெரிந்தது. ஆனால் வெட்டுக்கோடு விலகாமல் முப்பது வருடம் வெட்டின கண் அது. அதை நம்பாமல் எதை நம்புவது? டைல்ஸ்காரனைக் கூப்பிட்டு ஏசினேன். அவனுக்கும் கோபம் வந்தது. ரசமட்டத்தை எடுத்துச் சுவரில் வைத்துக் காட்டினான். குமிழி நடுவில் நின்றது. நான் பார்த்தேன், என் மனைவி பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை. அவன் ரசமட்டத்தைத் தூக்கிக்கொண்டு, மஞ்சள் நாடாவைத் தாண்டி, அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

அக்கா வாலில் பிடித்து அடித்தது ஒரு பெரிய ஸ்னாப்பர். முதுகு முள்ளு அவன் கன்னத்தில் ஏறி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. புது டைல்ஸ் முழுவதும் இரத்தம். என் மனைவி துணியால் அவன் கன்னத்தை அமுக்கினாள். அவன் தன் தாயைக் கூப்பிட்டு அலறினான்.

அக்கா மீனைக் கையில் வைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இரத்தம் சுத்திவரத்தான் இருக்கு. நடுவிலை இல்லை. நடுவிலை ஏன் தம்பி கறுப்பாக் கிடக்கு?"

நடுவில்தான் அதிகம் கிடந்தது.

கண் டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். வயது போகும்போது சிலருக்கு விழித்திரைக்குக் கீழே கூடாத இரத்தக் குழாய்கள் முளைத்து ஒழுகுமாம். ஒழுகின இடம் வீங்கி, நேர்க்கோடு நெளிந்து, பிறகு பார்வையின் நடு கறுத்துப் போகும். ஓரம் மட்டும் மிஞ்சும். முகம் தெரியாது, காது தெரியும். மீன் தெரியாது, வாலும் தலையும் தெரியும். நிறுத்த மருந்து இருக்கிறது. ஊசி. மாதம் ஒருமுறை, கண்ணுக்குள்.

கண்ணுக்குள் என்றதும் நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

முதல் ஊசிக்கு, இமையைத் திறந்து பிடிக்கிற சின்னக் கம்பியோடு டாக்டர் அக்காவின் முகத்துக்குக் குனிந்தார். டாக்டருடைய மூக்குக்கண்ணாடி இரண்டாகி, ஒரு பாதி கன்னத்தில் வெட்டியது. ஊசித்தட்டு கவிழ்ந்தது. இரண்டு காவலாளிகள் ஓடிவந்தார்கள். அக்கா ஒருவனின் நெஞ்சில் காலால் உதைத்தார். பிறகு அவர்கள் வைத்த நிபந்தனை, யாராவது கையைப் பிடித்தால்தான் ஊசி. யார் பிடிப்பது? நான்தான். பச்சைச் சட்டை, தொப்பி, முகமூடி போட்டுக்கொண்டு மாதாமாதம் போய் அக்காவின் இரண்டு கையையும் பிடித்தேன். இருபத்தைந்து கிலோப் பெட்டியைத் தனியாகத் தூக்கிய கை என்னுடையது. ஊசி இறங்குகிற நேரத்தில் அக்காவின் நகங்கள் என் உள்ளங்கையில் இறங்கும். இரத்தம் வராத மாதம் இல்லை.

ஒரு மாதம் அவர் தலையைத் திருப்பிவிட்டார். ஊசி வெள்ளை விழியைக் கீறி, கண் முழுக்கச் சிவப்பாகக் கட்டிக்கொண்டது. பார்க்க ஏலாது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: இப்படியே போனால் நோய் கெடுக்க முதல் ஊசியே இந்தக் கண்ணைக் கெடுத்துவிடும்.

வலது கண்ணைப் பற்றித்தான் பேச்சு. இடது கண் முதலே போயிருந்தது. அதையும் நோய்தான் தின்றது என்று நான் நினைத்திருந்தேன். இந்த ஒன்றும் போனால் கத்தி இல்லை. கத்தி இல்லாத அக்காவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவராலும் முடியாது.

அப்போதுதான் அந்த ஆராய்ச்சி வந்தது. பெரிய டாக்டர் ஒருவர் நடத்தினார். அவரிடம் வேலை செய்த ஒரு கோயம்புத்தூர்ப் பிள்ளை, இங்கே கிளேட்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவள், எங்களுக்குத் தமிழில் சொல்ல வந்தாள். கையில் ஒரு செங்கல் தடிப்பில் படிவம்.

"அம்மா, ஒரு வைரஸ எடுத்து, அதோட நோயெல்லாம் கழட்டிட்டு, மருந்து செய்யற குறிப்பு இருக்கிற ஜீனை அதுக்குள்ள வச்சு, கண்ணுக்குப் பின்னாடி விடுவோம். அப்புறம் உங்க கண்ணே மருந்தைச் செஞ்சுக்கும். மாசாமாசம் ஊசி வேண்டியிருக்காதுன்னு எதிர்பார்க்கிறோம்."

"தடிமன் காய்ச்சலைக் கொண்டுவந்து கண்ணுக்குள்ளை விடப் போறாள்," என்றார் அக்கா என்னிடம்.

எனக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. படித்தவர்கள் சுற்றிச் சுற்றிச் சொல்வதை நான் நேராகச் சொல்லுவேன்.

"அக்கா, முந்தி நாங்கள் நெடுக லொறியிலை ஐஸ் வாங்கினனாங்கள், என்ன? லொறி பிந்தினால் மீன் பழுதாகும். பிறகு நான் கடைக்குள்ளையே ஐஸ் மெசின் பூட்டினன். இப்ப ஆற்றையும் கையைப் பாக்கத் தேவையில்லை. இவையள் உங்கடை கண்ணுக்குள்ளை மெசின் பூட்டப் போகினம். அந்த வைரஸ் எண்டது மெசினைக் கொண்டுவந்து இறக்கிற லொறி மட்டுந்தான்."

பிள்ளை பேனையைக் கீழே வைத்தாள். "அங்கிள், இதை நான் மத்தவங்ககிட்டயும் சொல்லிக்கலாமா?"

"சொல்லு பிள்ளை. ஆனால் ஆர் சொன்னதெண்டும் சொல்லு."

அவள் கூடாததையும் மறைக்கவில்லை. இது பரிசோதனைதான், பலிக்கும் என்று உறுதி இல்லை. கண்ணுக்குள் கிருமி போகலாம், விழித்திரை கழன்றுவிடலாம், இருக்கிற பார்வையும் போகலாம். யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய ஊசியே என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். ஒரே கண் உள்ளவர்களை லேசில் சேர்ப்பதில்லை. ஆனால் அக்காவுக்கு மாதாமாதம் ஊசி போடுவது அதைவிட ஆபத்து என்று பெரிய டாக்டர் எழுத, ஒரு குழு கூடிச் சம்மதித்திருக்கிறது.

"ஒரு கேள்வி விட்டுப் போச்சும்மா. இடது கண்ணு எப்போ போச்சு?"

"எனக்கு இருபத்தாறு வயசிலை."

நான் சிரித்தேன். "அக்கா, பிள்ளை கண்ணைப் பற்றிக் கேக்கிறா."

"கண்ணைப் பற்றித்தான் சொல்லுறன்."

பிள்ளை என்னைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். "எதனாலம்மா?"

"கையாலை," என்றார் அக்கா.

அக்கா ஒருவரையும் பார்க்காமல், மீன் விலை சொல்வதுபோலச் சொல்லி முடித்தார். புருசன். கடற்கரை மீன்வாடியில் இருந்த காலம். எட்டு வருடம் முகத்தில்தான் அடிப்பான். முகத்தில் அடித்தால் வெளியே போகமாட்டாள் என்று. கடைசி அடி இடது கண்ணில். அது வெடித்ததாகத்தான் நினைத்தாராம், உள்ளே சூடாக ஏதோ வடிந்ததாம். அடுத்த நாள் அவன் குனிந்து வலையைப் பிரிக்கும்போது துடுப்பால் முழங்கையில் போட்டார். முறியும்வரை போட்டார். முறிந்த பிறகும் போட்டார். பிறகு அண்ணனிடம் போனார். அண்ணன் பிறகு ஒஸ்ரேலியாவுக்குப் போய் அவரையும் கூப்பிட்டார்.

"அதுக்குப் பிறகு வாற கைக்கு நான் வழி விட்டதில்லை, பிள்ளை. வலப்பக்கத்தாலை வந்தால் எண்டாலும் எதுக்கு வருகுதெண்டு தெரியும். இடப்பக்கத்தாலை வாறது கடைசி நேரத்திலைதான் தெரியும். அப்ப யோசிக்க நேரம் இல்லை."

முப்பது வருடம் அவர் பக்கத்தில் நின்றவன் நான். சுவரோரம் ஏன், மஞ்சள் நாடா ஏன், தலையைச் சாய்த்து ஏன் பார்க்கிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. மீனின் கண்ணைப் பார்த்து நாள் சொல்கிறவன், பக்கத்தில் நிற்கிற மனுசியின் கண் செத்துப்போனது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

குலுக்கலில் அக்காவுக்குப் புது மருந்து விழுந்தது. அதோடு ஒரு கெட்ட செய்தியும் வந்தது. ஒப்பரேசன் அறைக்குள் வெளியாட்களுக்கு இடமில்லை. கையைப் பிடிக்க நான் போகமுடியாது. இதயம் பலவீனம் என்பதால் முழு மயக்கமும் இல்லை. கட்டிவைக்கவும் மாட்டார்களாம், சட்டம் விடாதாம். முகத்தைத் துணியால் மூடி, கண்ணை மட்டும் விட்டு, நுண்ணிய ஊசியை விழித்திரைக்கு அடியில் விடுவார்கள். அந்த நேரம் கையைத் தூக்கினால் திரை கிழியும்.

ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல், இருந்தது. "பழகுவம்," என்றேன்.

பின்னேரம் கடை பூட்டிய பிறகு, பின்னறையில் அக்காவைக் கதிரையில் இருத்துவேன். முன்னால் நான் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருப்பேன். "ஆடாமல் இருங்கோ அக்கா," என்று சொல்லிவிட்டு விரலை மெல்ல அவர் முகத்துக்குக் கொண்டுபோவேன். அடிப்பார். திரும்பவும் கொண்டுபோவேன். அடிப்பார். முதல் கிழமையில் என் மேல்சொண்டு வெடித்து வாயெல்லாம் இரத்தம். இரண்டாவது கிழமையில் கட்டுப்பல் உடைந்து ஒரு துண்டு தொண்டைக்குள் போய், நான் செத்தேன் என்றுதான் நினைத்தேன். அக்கா கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்து பார்த்தார், தலையால் இடித்தார். கண்ணை மூடிப் பார்த்தார். மூடினால் இன்னும் வேகமாக விழுந்தது. ஒருநாள் என் மூக்கிலிருந்து வடிவதைப் பார்த்துவிட்டு அக்கா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"என்னாலை ஏலாது தம்பி. கை என்னைக் கேக்காமல் போகுது. அந்தப் பிள்ளைக்கு வேண்டாமெண்டு சொல்லு."

என் மனைவி வாசலில் தேத்தண்ணீரோடு நின்றாள். "எழும்புங்கோ," என்றாள் என்னிடம். கோப்பையை வைத்துவிட்டு மீன்பெட்டியில் தான் இருந்தாள். அக்காவின் இடப்பக்கம், முன்கடையில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிற பக்கம்.

"அக்கா, நான் வாறன்," என்றாள். ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்பதுபோல. பிறகு கையை நீட்டி அக்காவின் இடது கன்னத்தைத் தொட்டாள்.

அக்காவின் கை தொடையிலிருந்து துள்ளியது. பாதி வழியில் நின்றது. கீழே இறங்கியது.

"திரும்பவும் வாறன்." தொட்டாள். கை அசையவில்லை.

"எனக்கு ஏன் நீ முந்திச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அடிக்க வாறவை சொல்லிப்போட்டு வாறேல்லை. வாங்கினவைக்குத்தான் அது தெரியும்."

இனி விரலின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். சூரைப் பெட்டி எதுவும் விழவில்லை. கடை தொடங்கின காலத்தில் குளிர்அறைக் கதவை மனைவி பூட்ட மறந்து, ஒரு நாள் மீன் முழுக்கக் கெட்டது. இதே பின்னறையில் அவளுக்கு அறைந்தேன். அது முதல் முறை இல்லை. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கினபோது பின்னாலிருந்து அந்தக் கையின் சின்னவிரலை யாரோ பிடித்தார்கள். பின்பக்கமாக மடித்தார்கள். விரல் முறிந்த சத்தம் முதலில் கேட்டது, நோவு பிறகுதான் வந்தது. நான் தரையில் முழங்காலில் நின்றேன். அக்கா என் காதுக்குள் சொன்னார்: "அடுத்தமுறை மணிக்கட்டு." அடுத்தமுறை என்று ஒன்று வரவில்லை. அதற்கும் நான் பெருமையடிக்க முடியாது.

ஒப்பரேசனுக்கு முதல்நாள் என் மனைவி அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளைக்குப் போன் எடுத்தாள். பெரிய டாக்டர் வெள்ளைக்காரர், நெட்டையான மனிதர். உள்ளே போக முன் அவர் எங்களிடம் வந்து, வகுப்பில் எழுந்து நிற்பவர்போல ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "வாறன், அக்கா." பிள்ளை தலையை ஆட்டினாள். அக்கா படுக்கையில் கிடந்தபடி, "மீன் வாங்க வந்தவன் மாதிரி நிக்கிறான்," என்றார்.

கதவு மூடியது. நான் ஒன்றரை மணி நேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி செபமாலை உருட்டினாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் தட்டு விழுகிறதென்று நினைத்தேன்.

பிள்ளை வெளியே வந்து முகமூடியைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"அசையவே இல்ல அங்கிள். ஒவ்வொரு தடவையும் டாக்டர் 'வாறன் அக்கா'ன்னு சொல்லிட்டுத்தான் தொட்டார். அம்மா 'வா, வா'ன்னாங்க. மருந்து சரியான இடத்துல இறங்கிடுச்சு. ஆனா..."

"என்ன ஆனால்?"

"எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு நர்ஸ் கன்னத்துல ஒட்டியிருந்த பிளாஸ்டரைச் சொல்லாம உரிச்சுட்டாங்க. அவங்களுக்கு உதட்டுல ரெண்டு தையல்."

மருந்து வேலை செய்ததா என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் செய்யுமா என்று எனக்குத் தெரியாது. அக்காவின் நடுக் கறுப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் சுருங்கியது. ஒழுக்கு நின்றது. பிறகு அவர் இருந்த பதினாலு மாதத்தில் ஒரே ஒருமுறைதான் பழைய ஊசி போட்டார்கள். அதற்கு நான் கைபிடிக்கப் போகவில்லை. டாக்டர் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாவது மாதம் அக்கா கடைக்கு வந்தார். ஏப்ரனைக் கட்டினார். சுவரைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார்.

"அவன் நேராத்தான் பதிச்சிருக்கிறான்."

"அப்ப அந்தப் பொடியனிட்டை மன்னிப்புக் கேப்பமே அக்கா?"

"ஏன்? அவன் இடப்பக்கத்தாலைதானே வந்தவன்."

கண் கடைசிவரை நின்றது. இதயம்தான் நின்றது. ஒரு ஞாயிறு பூசைக்கு வரவில்லை என்று என் மனைவி போய்ப் பார்த்தாள். கதிரையில் இருந்தபடி போயிருந்தார்.

மண்டபத்தில் சவப்பெட்டியை வைத்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வரிசையில் வருகிற சனம் அக்காவின் இடப்பக்கத்தால் வரும்படி வைத்திருந்தார்கள். திருப்பச் சொன்னேன், இடம் காணாது என்றார்கள். எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவரும் நெற்றியைத் தொட்டுச் சிலுவை போட்டுத்தான் போவார்கள். என் மனைவி போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நின்றாள்.

"சொல்லிப்போட்டுத் தொடுங்கோ," என்றாள் வந்தவர்களிடம்.

சிலர் அவளை விசித்திரமாகப் பார்த்தார்கள். சுவாமியார் பார்க்கவில்லை. அவர் தன் மணிக்கட்டை ஒருமுறை தடவிவிட்டு, "வாறன் அக்கா," என்றார். தொட்டார். அதற்குப் பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

கடைசியில் என் முறை. எத்தனையோ சபையில் மைக் இல்லாமல் பேசினவன் நான். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி காத்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லாமல் தொட அவள் விடமாட்டாள் என்று தெரிந்தது.

"வாறன் அக்கா," என்றேன்.

நெளிந்த விரல் உள்ள கையைத்தான் நீட்டினேன். முகத்தை மட்டும் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொண்டேன்.